பௌன் வீதியின் பெயருக்குப் பின்னால்: பிளஷிங் குவேக்கர் கூட்ட இல்லம்

நியூயோர்க் நகரின் குயின்ஸ் பிரிவில், பிளஷிங் என்னும் இடத்திலுள்ள மகா வல்லப கணபதி தேவஸ்தானத்தை அறியாத தமிழர் வட அமெரிக்காவில் மிகச் சிலரே இருப்பர். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலானோர் 1970இல் தொடக்கிய சங்கத்தின் முயற்சியால், முன்னர் ரஷ்ய மரபுவழித் திருச்சபைக்குரியதாயிருந்த காணியில் எழுந்த கோயில் அது. 1977ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கும்பாபிஷேகம் கண்டது. ரொறன்ரோவிலிருந்து பேருந்து பிடித்து வந்து பிள்ளையாரை வணங்கி, நிலவறைச் சிற்றுண்டிச்சாலையில் தோசை உண்டு திரும்பும் எம்மவர் பலர். அக்கோயில் அமைந்துள்ள வீதியின் பெயர் பௌன் வீதி. 2022இல் அவ்வீதியின் ஒரு பகுதிக்குக் கணேசர் கோயில் வீதி என்னும் துணைப்பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் யார் இந்தப் பௌன் என்று கேட்டால் கோயிலுக்கு வருவோரில் விடை சொல்லக்கூடியவர் குறைவு.

விடையைத் தேடுவோர் அதே வீதியில் வடக்கு நோக்கி நடக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் 1661இல் ஜோன் பௌன் என்னும் ஆங்கிலேயக் குடியேறி கட்டிய மரவீட்டை அடையலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், நோர்தேர்ன் பூலேவார்ட் என்ற பெருந்தெருவின் இரைச்சலுக்கு முதுகைக் காட்டியபடி இன்னொரு மரக்கட்டடம் நிற்கின்றது. 1694ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட குவேக்கர் கூட்ட இல்லம் அது. நியூயோர்க் நகரத்தில் இன்று நிலைத்திருக்கும் வழிபாட்டு இல்லங்களுள் மிகப் பழையது அதுவே. அக்கட்டடம் எழுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கான வழக்கு தொடங்கிவிட்டது. ஆகவே வழக்கிலிருந்தே தொடங்குவோம்.

குவேக்கர்கள் என்போர் யார்? 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னனைச் சிரச்சேதம் செய்துவிட்டுக் கொந்தளித்துக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையைச் சுற்றித் திரண்ட கிறிஸ்தவர்கள் அவர்கள். தம்மை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டனர். குவேக்கர், அதாவது நடுங்குவோர் என்பது அவர்களை ஏளனம் செய்தோர் இட்ட பெயர். 1650இல் டார்பி நகரத்து நீதவான் ஒருவர், ஆண்டவருக்கு முன் நடுங்குங்கள் என்று பொக்ஸ் கூறியதைப் பரிகசித்து அப்பெயரை வழங்கியதாகப் பொக்ஸே எழுதி வைத்துள்ளார். பின்னாளில் அப்பெயர் நிலைத்தது, ஏளனமே மறைந்தது.

ஒவ்வொரு மனிதனுள்ளும் இறையொளி உண்டு, அதைக் கேட்பதற்குக் குருவானவரோ சடங்கோ பலிபீடமோ தேவையில்லை என்பது அவர்களது மூல நம்பிக்கை. வழிபாடு என்பது கூடியிருந்து மௌனம் காப்பது. உள்ளிருந்து ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார், பின்னர் மீண்டும் மௌனம். பெண்களும் எழுந்து பேசலாம். இதிலிருந்து பிறந்த நடைமுறைகளே ஆட்சியாளரைக் கதிகலங்க வைத்தன. எவர் முன்னும் தொப்பி கழற்ற மாட்டார்கள். நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய மாட்டார்கள். திருச்சபைக்குத் தசமபாகம் செலுத்த மாட்டார்கள். ஆயுதம் ஏந்த மாட்டார்கள். சமூகத்தின் அச்சாணிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்க வந்தவர்களாகவே அவர்கள் அன்று தோன்றியிருக்க வேண்டும். அட்லாண்டிக்கின் மறுகரையில், மதச் சுதந்திரம் தேடி ஓடிவந்த பியூரிட்டன்கள் ஆண்ட மசாசுசெட்ஸ், 1659க்கும் 1661க்கும் இடையில் நான்கு குவேக்கர்களைப் பொஸ்டனில் தூக்கிலிட்டது. அவர்களுள் மேரி டயர் என்னும் பெண்மணியும் ஒருவர்.

பிளஷிங் அப்பொழுது ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்கவில்லை. இன்றைய நியூயோர்க் அன்று ஒல்லாந்து மேற்கிந்தியக் கம்பனியின் நியூ நெதர்லாந்து. மட்டினெகொக் மக்கள் வாழ்ந்த அந்த நிலத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் சிலருக்கு ஆளுநர் வில்லெம் கீஃப்ட் 1645 ஒக்டோபரில் ஊர்ப் பட்டயம் வழங்கினார். ஒல்லாந்தின் துறைமுகமான விளிசிங்கன் என்ற பெயரே ஊருக்கும் இடப்பட்டது. ஆங்கிலேயர் நாவில் அது பிளஷிங் ஆயிற்று. ஒல்லாந்து வழக்கப்படி மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு, எந்த அதிகாரியும் போதகரும் அதில் தலையிடார் என்று அந்தப் பட்டயத்தில் எழுதப்பட்டிருந்தது. காணி கொடுக்கும் உறுதியில் வழமையாக வரும் ஒரு வாசகமாகவே அன்று அதைப் பலர் கருதியிருப்பர். பிற்பாடு அந்த வாசகத்தைத்தான் ஊரார் பிடித்துக்கொண்டனர்.

1647இல் ஆளுநர் பதவிக்கு வந்த பீற்றர் ஸ்டைவசன்ட், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகன். கரிபியன் தீவான சென் மார்ட்டின் முற்றுகையில் வலது காலை இழந்து மரக்காலுடன் நடந்தவர். திறமையான நிர்வாகி, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குடியேற்றத்தில் ஒரு திருச்சபைதான் இருக்க முடியும் என்பது அவரது உறுதியான எண்ணம். லூதரன் பிரிவினர் தனியே கூடுவதைத் தடுத்தார். 1654இல் பிரேசிலிலிருந்து 23 யூத அகதிகள் வந்திறங்கியபோது அவர்களை வெளியேற்றக் கம்பனியிடம் அனுமதி கேட்டார். கம்பனி மறுத்தது. கம்பனியின் பங்குதாரருள் யூதரும் இருந்தனர் என்பது அம்மறுப்புக்கு ஒரு காரணம்.

1657 ஓகஸ்டில் வூட்ஹவுஸ் என்னும் சிறு கப்பல் நியூ ஆம்ஸ்டர்டாம் துறையை அடைந்தது. அதில் வந்த குவேக்கர்களுள் இரு இளம்பெண்கள், டொரதி வோ, மேரி வெதர்ஹெட் என்போர், தெருவில் நின்று போதிக்கத் தொடங்கினர். உடனே பிடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டு ரோட் ஐலண்டுக்கு அனுப்பப்பட்டனர். லோங் ஐலண்டின் ஹெம்ஸ்ரெட்டுக்குச் சென்ற றொபேட் ஹொட்சன் என்ற இளைஞனின் கதி கொடியது. 600 கில்டர் தண்டம் கட்டு, இல்லையேல் இரண்டு ஆண்டு கைவண்டியிற் பிணைக்கப்பட்டு வேலை செய் என்று தீர்ப்பாயிற்று. நான் குற்றம் செய்யவில்லை என்று அவன் வேலைசெய்ய மறுத்தான். கீல் தோய்த்த கயிற்றால் அவன் விழும்வரை அடிக்கப்பட்டான். பின்னர் கைகளிற் கட்டித் தூக்கி மீண்டும் அடிக்கப்பட்டான். இறுதியில் ஆளுநரின் சகோதரி அன்னாவின் மன்றாட்டத்தாலேயே விடுவிக்கப்பட்டான் என்று குவேக்கர் பதிவுகள் கூறுகின்றன.

அடி உடம்பில் விழுந்தால் போதாது, வீட்டு வாசலிலும் விழ வேண்டும் என்று ஆளுநர் நினைத்தார் போலும். ஒரு குவேக்கரை ஓரிரவு வீட்டில் தங்க வைத்தவருக்கு 50 பவுண் தண்டம், தண்டத்தின் பாதி தகவல் கொடுத்தவருக்கு, குவேக்கரை ஏற்றிவரும் கப்பல் பறிமுதல் என்று கட்டளை பிறந்தது. விருந்தோம்பல் குற்றமாயிற்று, காட்டிக்கொடுத்தல் வருமானமாயிற்று.

1657 டிசம்பர் 27ஆம் திகதி பிளஷிங் ஊரார் கூடினர். ஊர்ச் செயலாளர் எட்வேர்ட் ஹார்ட் எழுத, முப்பது பேரளவில் கையொப்பமிட்டனர். எழுத்தறியாதோர் தத்தம் அடையாளத்தை இட்டனர். பிளஷிங் முறையீடு என வரலாற்றில் நிலைத்துவிட்ட ஆவணம் இதுவே. கையொப்பமிட்டோருள் அன்று குவேக்கர் எவருமில்லை என்பதையே இக்கட்டுரையாளர் இவ்வரலாற்றின் முக்கிய புள்ளியாகக் கருதுகின்றார். தமது உரிமைக்காக மனு எழுதுவோர் எல்லா நாட்டிலும் உளர். அடுத்த வீட்டுக்காரனின், அதுவும் தாம் நம்பாத ஒரு மதத்தவனின் உரிமைக்காகத் தண்டத்தையும் சிறையையும் எதிர்பார்த்தே கையொப்பமிடுவோர் எங்கும் சிலரே.

முறையீட்டின் நடை பணிவானது, உள்ளடக்கம் பணிவானதன்று. இம்மக்களை நாம் கண்டிக்க முடியாது, அடிக்க முடியாது, நாடுகடத்தவும் முடியாது என்று அது தொடங்குகின்றது. தீர்ப்பு இறைவனுடையது. இவர்களது செயல் மனிதரால் வந்ததாயின் தானே அழியும். இறைவனால் வந்ததாயின் எவராலும் அழிக்கவியலாது என்ற வேதாகம வாதத்தை எடுத்தாள்கின்றது. ஒல்லாந்தின் பெருமையே அன்பும் அமைதியும் சுதந்திரமும் யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும் எட்டுவதுதான் என்று ஆளுநருக்கு அவரது தாய்நாட்டையே எடுத்துக்காட்டுகின்றது. அன்றைய ஆங்கிலத்தில் துருக்கியர் என்றால் முஸ்லிம்கள். எகிப்தியர் என்றால் பெரும்பாலும் நாடோடிகளைக் குறிக்கும் சொல். இறுதியில், அன்போடு எம்மிடம் வருவோர் மீது எம்மால் கைவைக்க இயலாது, அவர்கள் எம் ஊருக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் வந்துபோகலாம், எமக்கு வழங்கப்பட்ட பட்டயத்தின்படி இது எமது உரிமை என்று முடிகின்றது.

ஊர்ச் சட்ட அதிகாரி தோபியாஸ் பீக் அதை ஆளுநரிடம் கையளித்தார். கையளித்தவரே முதலில் கைதானார். எழுதிய ஹார்ட்டும், கையொப்பமிட்ட நீதவான்கள் இருவரும் சிறை புகுந்தனர். சில வாரங்களில் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டு வெளிவந்தனர். ஹார்ட்டுக்கு குடும்பம் இருந்தது; அவர் குளிர்கால நியூ ஆம்ஸ்டர்டாம் சிறையிலிருந்து இரக்கம் கோரி எழுதினார். பீக் பதவியிழந்து 200 கில்டர் தண்டத்துக்குள்ளானார். பிளஷிங்கின் ஊர்க்கூட்டம் நடத்தும் உரிமை பறிக்கப்பட்டது. முறையீடு தோற்றது. அதை இன்று அமெரிக்கச் சுதந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ் என மேடைகளிற் புகழ்வோர் இந்தத் தோல்வியை விரைந்து கடந்துவிடுகின்றனர். மன்னிப்புக் கேட்டவர்களை எள்ளும் தகுதி எமக்கில்லை. கையொப்பம் இட்டபின் வீட்டுக்குத் திரும்பிய அந்த இரவுகளை, கையொப்பங்களுக்காக மனிதர் காணாமற்போன நாடொன்றிலிருந்து வந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதுமில்லை.

இங்கே யாழ்ப்பாணத்தை நினையாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. பிளஷிங் முறையீடு எழுதப்பட்டு ஆறு மாதத்தில், 1658 ஜூனில், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அங்கே மேற்கிந்தியக் கம்பனி. இங்கே கிழக்கிந்தியக் கம்பனி. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். ஆனால் ஒரே குடியரசு, ஒரே சீர்திருத்தத் திருச்சபை. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என 1658இலேயே இங்கு பிரகடனம் செய்யப்பட்டது. பிளஷிங்கில் 50 பவுணாக இருந்த விருந்தோம்பலின் விலை இலங்கையில் உயிராயிற்று. சைவர்களுக்கும் பகிரங்க வழிபாடு மறுக்கப்பட்டது. விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிற் செருகி ஒளித்த கதை எமது பாட்டிமார் வாய்வழி வந்த நினைவு. 1687இல் வறியவன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவைக் குருவானவர் யோசேப் வாஸை வீட்டுக்கு வீடு மறைத்துக் காத்த சில்லாலை மக்களும் பிளஷிங் ஊராரின் உறவினரே என்பேன். 2015இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர். மறைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எம்மிடம் இல்லை. பிளஷிங்காரரிடம் உண்டு. அதுவே வேறுபாடு.

இனி ஜோன் பௌன். இங்கிலாந்தின் டார்பிஷயரில் மற்லொக் என்ற ஊரில் 1627இற் பிறந்தவர். குவேக்கர் என்ற பெயர் பிறந்த அதே மாவட்டம். 1649இல் பொஸ்டனுக்கு வந்து, பின்னர் பிளஷிங்கிற் காணி பெற்று வீடு கட்டினார். அவரது மனைவி ஹன்னாவே முதலில் குவேக்கர் கூட்டங்களுக்குச் சென்றவர். அவர்கள் காட்டிலும் தோப்பிலும் கூடுவதைக் கண்ட பௌன் தமது வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பிற்பாடு தாமும் சேர்ந்துகொண்டார்.

1662 செப்டெம்பர் முதலாம் திகதி அவர் கைது செய்யப்பட்டார். வீட்டிற் குவேக்கரைக் கூடவிட்ட குற்றத்துக்கு 25 பிளெமிஷ் பவுண், அதாவது 150 கில்டர் தண்டம். கட்ட மறுத்தார். சிறை. மீண்டும் கேட்டனர், மீண்டும் மறுத்தார். மாதங்கள் கழிந்தன. தண்டத்தைக் கட்டு அல்லது ஊரைவிட்டுப் போய்விடு என்றனர், இரண்டையும் மறுத்தார். அலுத்துப்போன ஆளுநர் 1663 ஜனவரியில் அவரைக் கப்பலேற்றி நாடுகடத்தினார். அயர்லாந்தில் இறங்கி, இங்கிலாந்து வழியே ஆம்ஸ்டர்டாம் சென்ற பௌன், ஆளுநரின் எசமானர்களான கம்பனிப் பணிப்பாளர்களிடம் நேரிலே முறையிட்டார். பிளஷிங் பட்டயத்தை எடுத்துக்காட்டினார். அவர் எழுதிய நாட்குறிப்பு எஞ்சியுள்ளமையால் இவ்விபரங்கள் நமக்குக் கிட்டுகின்றன. முறையீட்டை எழுதிய ஊரார் தோற்ற இடத்தில், ஒரு தனிக் கமக்காரன் தன் பிடிவாதத்தால் வென்றான்.

வென்றான் என்ற சொல்லைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். 1663 ஏப்ரல் 16ஆம் திகதி கம்பனி ஸ்டைவசன்ட்டுக்கு எழுதிய கடிதம் உரிமைச் சாசனமன்று. குவேக்கர்கள் வராதிருப்பதையே நாமும் விரும்புவோம் என்று அது முதலிற் கூறுகின்றது. ஆயினும் கடுமை காட்டினால் குடியேறுவோர் தொகை குறையும். நாடோ இன்னும் ஆளின்றிக் கிடக்கின்றது. ஆகவே கண்ணை மூடிக்கொள்ளும், ஒருவர் அடக்கமாயும் அயலாருக்கு இடையூறின்றியும் அரசுக்கு விரோதமின்றியும் இருக்கும்வரை அவரது மனச்சாட்சியை நெருக்காதிரும் என்பது அதன் சாரம். ஆம்ஸ்டர்டாம் நகரம் செழித்தது இவ்வழியாலேயே என்ற வணிக நியாயமும் உடன் வருகின்றது. மனச்சாட்சிச் சுதந்திரம் என்பதற்கு ஒல்லாந்தர் கொண்ட பொருளும் குறுகியதே: உள்ளத்தில் எதையும் நம்பலாம், வீட்டுக்குள் குடும்பத்தோடு வழிபடலாம், ஊர் கூடிப் பகிரங்கமாக வழிபட முடியாது. ஆகவே தனது சட்டப்படி ஸ்டைவசன்ட் முற்றிலும் பிழையானவரல்லர். எனினும் பௌன் 1664இன் தொடக்கத்தில் வீடு திரும்பினார். அதன் பின் பிளஷிங்கில் கூட்டத்துக்காக எவரும் நாடுகடத்தப்படவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் ஆங்கிலேயக் கடற்படையிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் நியூ ஆம்ஸ்டர்டாமை ஒப்படைத்துவிட்டு ஸ்டைவசன்ட்டும் பதவியிழந்தார்.

1672இல் ஜோர்ஜ் பொக்ஸ் பிளஷிங் வந்தபோது பௌனின் வீடு கொள்ளாத கூட்டம். வீதிக்கு அப்பால் நின்ற இரு ஓக் மரங்களின் கீழ் நின்று அவர் பேசினார். பொக்ஸ் ஓக் என்று பெயர்பெற்ற அம்மரங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. இடத்தைக் குறிக்கும் கல்லொன்று இன்றுண்டு. ஹன்னா பௌன் போதகராகிக் கடல் கடந்து சென்று, 1678இல் லண்டனிற் காலமானார். கணவரின் பெயரில் வீதியுண்டு. வீட்டுக் கதவைத் திறக்கக் காரணமானவள் பெயரில் அவ்வளவு பெரிய வீதி எதுவுமில்லை.

1692இல் ஜோன் பௌனும் ஜோன் றொட்மன் என்பவரும் கூட்ட இல்லத்துக்கென்று காணி வாங்கினர். 1694 நவம்பர் 24இல் அங்கே நடைபெற்ற கூட்டமே பதிவிலுள்ள முதல் நிகழ்வு. அடுத்த ஆண்டு இறுதியில் பௌன் இறந்தார். தனது வீட்டுக் கூடத்தில் முப்பதாண்டுக்கு மேலாகக் கூடிய கூட்டம் தனக்கென ஒரு கூரையின் கீழ் அமர்வதை அவர் ஓராண்டளவே கண்டிருக்கின்றார்.

கட்டடத்தை முதன்முதலிற் பார்ப்போர் ஏமாற்றமடையக்கூடும். கூர்மாடமில்லை, மணியில்லை, சிலுவையில்லை, நிறக்கண்ணாடி இல்லை. தேவாலயம் என்ற சொல்லையே குவேக்கர் கட்டடத்துக்கு வழங்கமாட்டார்கள். தேவாலயம் என்பது மக்கள், கட்டடமன்று என்பர். எனவே பார்வைக்கு இது ஒரு பெரிய விவசாயியின் வீடு. சுவர்களை அமிழ்த்துவது போன்ற செங்குத்தான பெருங்கூரை, மரத்தகட்டுப் போர்வை, சிறு சாளரங்கள். 1716க்கும் 1719க்கும் இடையில் விரிவாக்கப்பட்ட வடிவமே நாம் இன்று காண்பது. உள்ளே, ஒவ்வொன்றும் ஒரே மரத்திலிருந்து கையாற் செதுக்கப்பட்ட, நாற்பது அடி நீளமான ஓக் உத்தரங்கள் கூரையைத் தாங்குகின்றன. நீண்ட மரவாங்குகள் எளியவை. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கதவால் நுழைந்து தனித்தனிப் பக்கத்தில் அமர்ந்த காலத்தின் தடயமாக இரு கதவுகள் உள. பெண்கள் தமது அலுவல் கூட்டத்தைத் தாமே நடத்தினர் என்பதையும் அக்கதவு சொல்கின்றது. 17ஆம் நூற்றாண்டில் அது சிறிய விடயமன்று.

பெருந்தெரு கட்டடத்தின் பின்புறத்தையே காண்கின்றது. முகம் தெற்கே, மயான நிலத்தை நோக்கியது. குளிர்நாட்டில் சூரியனைத் தேடி வீடு கட்டும் பழக்கம் அது. மயானத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கல்லறைக் கற்கள் நாட்டப்படவில்லை. மரணத்திலும் ஒருவன் மற்றவனிலும் உயர்ந்தவனாய்த் தோன்றக்கூடாது என்பது கொள்கை. ஆகவே ஜோன் பௌன் அங்கு எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்பதைக் காட்டும் கல் இல்லை.

இவ்வில்லத்தைப் புகழ்வோர் அதன் இருண்ட பக்கத்தையும் கூற வேண்டும். மனச்சாட்சிக்காகச் சிறை சென்றோரின் சமூகத்திலேயே அடிமைகளை உடையோர் இருந்தனர். லோங் ஐலண்டுக் குவேக்கர் பலரின் வயல்களில் ஆபிரிக்க அடிமைகளே உழைத்தனர். இதைக் கண்டித்த குரலும் இவர்களிடையிருந்தே எழுந்தது. பிளஷிங் குவேக்கரான வில்லியம் பேர்லிங் 1718 அளவில் அடிமை முறைக்கு எதிராக எழுதிய உரை, அமெரிக்காவில் அவ்வகையில் எழுந்த ஆரம்ப எழுத்துகளுள் ஒன்று. அவர் ஆண்டுக்கூட்டங்களில் இப்பிரச்சினையை மீண்டும் மீண்டும் எழுப்பினார். மூத்தோர் தலையசைத்தனர், தீர்மானம் வரவில்லை. நியூயோர்க் ஆண்டுக்கூட்டம் அடிமை வைத்திருப்போரைத் தன் உறுப்புரிமையிலிருந்து நீக்கும் நிலைக்கு வந்தது 1770களிலேதான். அறுபது ஆண்டு தாமதம். ஆயினும் நியூயோர்க் மாநிலம் அடிமை முறையை முற்றாக ஒழித்தது 1827இல் என்பதை நோக்க, மௌனக் கூட்டம் சட்டமன்றத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது.

அமெரிக்கப் புரட்சிப் போரில், 1776 முதல் 1783 வரை, பிரித்தானியப் படை இவ்வில்லத்தைக் கைப்பற்றியது. சிறைச்சாலையாகவும் வைத்தியசாலையாகவும் களஞ்சியமாகவும் அது பயன்பட்டது. ஆயுதம் ஏந்த மறுத்தோரின் மண்டபத்தில் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டனர். வேலி விறகாயிற்று. எமது பாடசாலைகளும் கோயில்களும் முகாமாகவும் அகதி நிலையமாகவும் மாறி மீண்ட கதையை அறிந்தோருக்கு இதிற் புதுமையில்லை. போர் முடிந்ததும் குவேக்கர்கள் திரும்பி வந்து, கூட்டிச் சுத்தம் செய்து, அமர்ந்தனர். அந்த ஏழாண்டு இடைவெளி தவிர, 1694 முதல் அங்கு வழிபாடு நின்றதில்லை.

இதன் மரபுரிமைப் பெறுமதி யாது? மிகப் பழையது என்ற பட்டம் ஒன்று. அதையும் அளந்தே கூற வேண்டும். இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட் கூட்ட இல்லம் 1670க்குரியது. அமெரிக்காவிலேயே மேரிலாந்தின் ஈஸ்டன் நகரிலுள்ள மூன்றாம் ஹேவன் கூட்ட இல்லம் 1680களின் முற்பகுதிக்குரியது. எனவே பிளஷிங் இல்லம் நாட்டின் முதலாவதன்று, நகரத்தின் முதலாவது. 1967இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 1970இல் நியூயோர்க் நகரச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்துக்கு இதுவே வித்து என்ற உரிமைகோரல். 1957இல், முறையீட்டின் முந்நூறாவது ஆண்டில், மதச் சுதந்திரம் என்ற தலைப்பில் 3 சத முத்திரையொன்று பிளஷிங்கிலேயே வெளியிடப்பட்டது. குவேக்கர் தொப்பியும் வேதாகமமும் இறகுப் பேனாவும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. மேடைப்பேச்சுகளுக்குப் பொருத்தமான வித்து இது. ஆனால் 1791இல் நிறைவேறிய உரிமைச் சட்டத்தை வரைந்தோர் பிளஷிங் முறையீட்டைப் பார்த்து எழுதினர் என்று காட்டும் சான்று எதையும் நான் கண்டதில்லை. நேர்கோட்டு வம்சாவளி வரைவதற்கு வரலாற்றாசிரியர் சிலரும் மறுக்கின்றனர். அது நியாயமே. முறையீடு நெடுங்காலம் ஏட்டுக்கட்டுகளுக்குள் உறங்கியது. எஞ்சியுள்ள பிரதியும், 1911இல் அல்பனி மாநிலத் தலைமையகத்தில் ஏற்பட்ட பெருந்தீயில் ஓரங்கள் கருகித் தப்பியதே.

என் எண்ணத்தில் அதன் பெறுமதி வேறிடத்தில் உள்ளது. அருங்காட்சியகமாக்கப்பட்ட கட்டடங்கள் உலகெங்கும் உள. பௌனின் வீடும் அவர் வழித்தோன்றல்கள் 1945வரை வாழ்ந்தபின் அருங்காட்சியகமாயிற்று. கூட்ட இல்லமோ எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கே இன்றும் பயன்படுகின்றது. 1828இல் நியூயோர்க் குவேக்கர்கள் கொள்கைவழி இரண்டாகப் பிளவுண்டனர். மீண்டும் ஒன்றுசேர்ந்தது 1955இல். நூற்றிருபத்தேழு ஆண்டுப் பிளவையும் அந்த உத்தரங்கள் தாங்கின. சுற்றியிருந்த கமங்கள் பூங்கன்றுத் தோட்டங்களாயின. அவற்றின் நினைவாக இன்றும் பிளஷிங் வீதிகள் பல மரஞ்செடிகளின் பெயர் தாங்குகின்றன. தோட்டங்கள் தொடர்மாடிகளாயின. 1898இல் ஊர் மாநகரத்துள் அமிழ்ந்தது. 1965இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மாறியபின் சீனரும் கொரியரும் இந்தியரும் ஆப்கானியரும் எம்மவரும் வந்தனர். இன்று பௌன் வீதியிலும் அதன் கிளைகளிலும் கோயிலும் குருத்துவாராவும் யூதர் தொழுகை இல்லமும் பள்ளிவாசலும் கொரியத் தேவாலயமும் சில நூறு யார் இடைவெளிக்குள் நிற்கின்றன. யூதர், துருக்கியர், எகிப்தியர் என்று எழுதிய ஹார்ட்டின் கற்பனை கணபதிவரை எட்டியிருக்காது. ஆனால் அவர் இட்ட பட்டியல் முடிவு கூறாத பட்டியல், அதில் இடமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்ட இல்லத்தின் கதவு எவருக்கும் திறந்திருக்கும். உள்ளே போவோர் காலணி கழற்ற வேண்டியதில்லை. தொப்பியையும் கழற்ற வேண்டியதில்லை. வாங்கில் அமர வேண்டும். போதகர் வரமாட்டார். யாரேனும் பேசலாம், பேசாமலும் போகலாம். ஒரு மணி நேரம் கழிந்ததும் அடுத்திருப்பவர் கைகொடுப்பார். கூட்டம் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.